இரவுக் கூத்துக்கு எந்த வில்லை?

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் ஏ18 வீதியில், கஹவத்தைக்கு அப்பால் அமைந்துள்ள கொடகவெலவும் அதற்கு அண்மையிலுள்ள இறக்குவானையும், தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் சப்ரகமுவத் தோட்டப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. இத்தகைய தோட்டப்புறங்களில் கலை பெரும்பாலும் இரவுக்கே உரியதாக இருந்துவருகிறது. பகல் முழுவதும் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் உழைத்த மக்கள் ஒன்றுகூடக்கூடிய நேரம் இரவே என்பதால், கோயில் திருவிழாவின் தப்படிப்பும், விடியும்வரை ஆடப்படும் கூத்தும், அண்மைக்காலத்தில் பரவியுள்ள இசைக்குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளும் இருட்டிய பின்னரே களைகட்டுகின்றன. ஆகவே இவற்றைப் படமெடுக்க முனைபவர் எவராயினும் அவர் முதலில் எதிர்கொள்வது ஒளிக்குறைவை. குவியத்தூரம் மாறாத பிரைம் வில்லையை வாங்குவதா, குவியத்தூரத்தை விரும்பியவாறு மாற்றத்தக்க ஸூம் வில்லையை வாங்குவதா என்ற வினாவும் இந்த ஒளிக்குறைவிலிருந்தே எழுகிறது. உலகெங்கும் இசைநிகழ்ச்சிப் படப்பிடிப்பாளர்கள் இவ்வினாவை மேடைக்கும் மண்டபத்துக்கும் உரியதாகவே விவாதித்து வருகின்றனர். தோட்டத்துக் கூத்துக் களத்தை முன்னிறுத்தி அதனை ஆராயும்போது விடை வேறொரு திசையில் செல்கிறது.

மலையகக் கூத்துகளில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் முதன்மையானவையாகக் கருதப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கும், அது நலிந்த பின் தேயிலைக்கும் இறப்பருக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரோடு வந்தவை இவை. காமன் கூத்து மாசி மாத அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றுவதோடு தொடங்கி, முழுநிலவை ஒட்டிய இரவில் சிவனின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிக்கப்படும் கட்டத்தில் உச்சம் பெறுகிறது. ரதியின் புலம்பலும் மன்மதன் மீண்டெழுதலும் அதனைத் தொடர்கின்றன. வேடம் புனைபவர்கள் விரதமிருந்து ஆடுவதாலும், கம்பம் ஊன்றப்பட்ட இடம் வழிபாட்டுக்குரிய இடமாக மதிக்கப்படுவதாலும், இது ஆட்டமாகவும் சடங்காகவும் ஒருங்கே நிகழ்கிறது. படமெடுப்பவர் இந்த இரண்டாவது தன்மையை ஒருபோதும் மறந்துவிடலாகாது. வில்லைத் தெரிவிலும் அதற்குப் பங்குண்டு.

முற்காலத்தில் இக்கூத்துகளுக்குத் தீப்பந்தமும், பின்னர் பெற்றோமக்ஸ் விளக்கும் ஒளி தந்தன. இன்று கம்பங்களில் கட்டப்படும் எல்.ஈ.டி. விளக்குகளும் கோயில் அலங்காரத்துக்கான வண்ணக் குமிழ்களும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. மனிதக் கண்ணுக்கு இவ்வொளி தாராளமாகத் தோன்றினாலும், கமராவுக்கு அது அவ்வாறன்று. நண்பகல் வெயிலில் நிலத்தில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் என அளவிடப்படுகிறது. இரவில் விளக்குக் கட்டிய திறந்த முற்றத்தில், விளக்கிலிருந்து சற்று விலகியதும் அது நூறு லக்ஸைக்கூட எட்டுவது அரிது. வெயிலில் கிடைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியைக் கொண்டு, ஓயாது அசையும் ஆட்டக்காரர் ஒருவரைத் துலக்கமாகப் பதிவு செய்வதே இங்குள்ள சவால்.

லென்ஸ் எனப் பரவலாக அழைக்கப்படும் வில்லையின் இயல்பை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது குவியத்தூரம், தொலைவிலுள்ள பொருளின் விம்பம் வில்லைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் கூர்மையாக விழுகிறது என்பதை மில்லிமீற்றரில் குறிப்பது அது. 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள, முழுச்சட்டகம் எனப்படும் உணரியைக் கொண்ட கமராவில் 24 மில்லிமீற்றர் வில்லை பரந்த காட்சியையும், 50 மில்லிமீற்றர் வில்லை இயல்பான காட்சியையும், 200 மில்லிமீற்றர் வில்லை தொலைவிலுள்ள முகத்தை நெருக்கமாகவும் காட்டும். அதனினும் சிறிய உணரியைக் கொண்ட, பெரும்பாலோர் வாங்கும் கமராக்களில் காட்சியின் அகலம் ஒன்றரை மடங்கு குறுகுவதால், 50 மில்லிமீற்றர் வில்லை அங்கே 75 மில்லிமீற்றர் வில்லையைப் போன்று செயற்படும். இரண்டாவது எண், வில்லையின் துவாரம் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைக் காட்டும் எஃப் எண். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது. வகுத்தலில் விட்டம் கீழே நிற்பதால், எண் சிறுக்கச் சிறுக்கத் துவாரம் பெருகுகிறது என்பதையும், ஒளியின் அளவு விட்டத்தையன்றித் துவாரத்தின் பரப்பைப் பொறுத்தது என்பதால் எஃப் எண் பாதியாகும்போது ஒளி நான்கு மடங்காகிறது என்பதையும் நினைவிற் கொண்டால் எஞ்சிய கணக்கெல்லாம் எளிதாகிவிடும்.

கூத்துக் களமொன்றில், எஃப் 2.8 துவாரமும், உணரியின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 3200 என்ற அளவும் கொண்டு, ஷட்டரை ஒரு செக்கனின் 125இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் சரியான படம் கிடைக்கிறதென்று கொள்வோம். மேலே சொன்ன நூறு லக்ஸுக்குச் சற்றுக் குறைந்த ஒளிக்கு இது பொருந்தும் கணக்கே. இதே ஒளியில், கமராவோடு சேர்த்துப் பெட்டியில் வரும் 18–55 மில்லிமீற்றர் ஸூம் வில்லையை 55இல் வைத்தால், அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறவாது. ஒளி நான்கில் ஒன்றாகக் குறைந்து, ஷட்டர் நேரம் செக்கனில் 30இல் ஒரு பங்காக நீளும். அந்த நேரத்துக்குள் தப்படிப்பவரின் கை ஒரு தெளிவற்ற கோடாகிவிடும். ரதி சுழன்றாடும்போது முகமே கலைந்துவிடும். எஃப் 1.8 வரை திறக்கும் பிரைம் வில்லையிலோ செக்கனில் 300இல் ஒரு பங்கும், எஃப் 1.4 வரை திறப்பதில் 500இல் ஒரு பங்கும் கிடைக்கின்றன. நின்று பாடுபவருக்கு 125இல் ஒரு பங்கு போதும். ஆடுபவருக்கு 250இல் ஒரு பங்காவது வேண்டும். அடவின் உச்சத்தில் துள்ளுபவருக்கு அதனினும் விரைவு வேண்டும். ஆகவே இவ்வெண்களுக்கிடையிலுள்ள வேறுபாடு, படம் உண்டா இல்லையா என்பதையே தீர்மானிப்பதாகும்.

ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தினால் இக்குறை தீர்ந்துவிடாதா என்ற கேள்வி இயல்பாக எழும். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவதால் உணரியில் விழும் ஒளி கூடுவதில்லை. விழுந்த சிறிதளவு ஒளியின் சமிக்ஞையே பெருக்கப்படுகிறது. ஒளி துகள்களாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து விழுவது. ஒரு படப்புள்ளியில் 10,000 துகள்கள் விழும்போது அதன் இயல்பான ஏற்றத்தாழ்வு அவ்வெண்ணின் வர்க்கமூலமாகிய 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துகள்களே விழும்போது ஏற்றத்தாழ்வு 10, அதாவது நூற்றுக்குப் பத்து. இருட்டில் எடுத்த படங்களின் நிழற்பகுதியில் மணல்மணலாகத் தோன்றும் புள்ளிகளுக்கு முதற்காரணம் இந்த ஏற்றத்தாழ்வே. இன்றைய கமராக்களும் மென்பொருள்களும் இப்புள்ளிகளைப் பெருமளவு அடக்கவல்லவை என்றாலும், அடக்கும்போது வேடக்காரரின் முகப்பூச்சிலுள்ள நுண்கோடுகளும் சரிகையின் இழைகளும் சேர்ந்தே மழுங்கிவிடுகின்றன. வில்லையிலோ கமராவிலோ உள்ள நிலைநிறுத்தும் பொறிமுறையும் இங்கே முழு விடையாகாது. படமெடுப்பவரின் கை நடுக்கத்தை அது ஈடுசெய்யுமேயன்றி, ஆடுபவரின் அசைவை நிறுத்தாது. ஒளியை உள்ளே கூடுதலாக விடுவதைத் தவிர வேறு நேர்வழி இல்லை.

அகன்ற துவாரத்துக்கான தேடல் புகைப்படக்கலையின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1840இல் வியன்னாவின் கணித அறிஞர் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த எஃப் 3.6 வில்லை, அதற்கு முன்னிருந்த வில்லைகளைவிடப் பன்மடங்கு ஒளியை உள்வாங்கி, மனித முகத்தைப் படமெடுப்பதை நடைமுறைச் சாத்தியமாக்கியது. 1924இல் ஜெர்மனியில் லூட்விக் பெர்டெலே வடிவமைத்த எர்னோஸ்டார் என்னும் எஃப் 2 வில்லை எர்மனொக்ஸ் கமராவில் பொருத்தப்பட்டு வந்தபோது, எரிக் சாலமன் என்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர் அதைக்கொண்டு நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும், மின்வெட்டொளி எதுவுமின்றி, அறையின் சொந்த வெளிச்சத்திலேயே மனிதரை அவர்களது இயல்பான நிலையில் பதிவு செய்தார். இதன் உச்ச எடுத்துக்காட்டு, நிலவின் மறுபுறத்தைப் படமெடுப்பதற்காக அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் தேவைக்கு 1966இல் கார்ல் ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய 50 மில்லிமீற்றர் எஃப் 0.7 வில்லையாகும். மிகச் சில பிரதிகளே செய்யப்பட்ட அவ்வில்லைகளுள் மூன்றைப் பெற்ற திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், 1975இல் வெளிவந்த 'பெரி லிண்டன்' திரைப்படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சிகளைப் படமாக்கினார். பெட்ஸ்வால், பெர்டெலே, ஸைஸ் ஆகியோரின் இவ்வடிவமைப்புகள் யாவும் பிரைம் வில்லைகள் என்பது தற்செயலன்று.

குவியத்தூரம் ஒன்றே என்றாகும்போது, ஒளிக்கதிர்களின் பிழைகளைத் திருத்துவதற்குச் சில கண்ணாடிகளே போதுமானவை. குவியத்தூரம் மாறிக்கொண்டே இருக்க வேண்டுமெனின், ஒவ்வொரு நிலையிலும் பிழைகளைத் திருத்தப் பல கண்ணாடிக் குழுக்கள் ஒன்றுக்கொன்று நகர வேண்டியிருக்கும். 2015இல் வெளிவந்த கெனன் நிறுவனத்தின் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையில் ஐந்து குழுக்களாக ஆறு கண்ணாடிகளே உள்ளன. எடை ஏறத்தாழ 160 கிராம். அதே நிறுவனம் 2010இல் வெளியிட்ட 70–200 மில்லிமீற்றர் எஃப் 2.8 ஸூம் வில்லையில் 19 குழுக்களாக 23 கண்ணாடிகள் உள்ளன. எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். 200 மில்லிமீற்றரில் எஃப் 2.8 என்பதற்கு 71 மில்லிமீற்றர் விட்டமுள்ள துவாரம் தேவை என்ற எளிய வகுத்தலே அதன் பருமனை விளக்கிவிடும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும், மேற்பூச்சு இல்லையெனில், ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பியனுப்பும் இயல்புடையது. 19 குழுக்களுக்குரிய 38 பரப்புகளைக் கடக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு ஒளியே எஞ்சும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டறிந்த பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு இவ்விழப்பைப் பெருமளவு நீக்கியதால்தான் பல கண்ணாடிகள் கொண்ட வில்லைகள் நடைமுறைக்கு வந்தன. 35 மில்லிமீற்றர் கமராவுக்கான முதலாவது ஸூம் வில்லை 36–82 மில்லிமீற்றர், எஃப் 2.8 அளவில் 'ஸூமார்' என்ற பெயரோடு 1959இல் வெளிவந்தது. ஆயினும் கூத்துக் களத்தில் விளக்குகள் நேர் எதிரே நிற்கும்போது, பரப்புகள் கூடிய வில்லையில் ஒளி உள்ளுக்குள் மோதித் திரும்பிப் படத்தில் வெண்புகை படிந்தாற்போன்ற மங்கலையும் ஒளிப்பொட்டுகளையும் உண்டாக்கும் வாய்ப்பு இன்றும் கூடுதலே.

இனி, களத்தின் அமைப்பை நோக்குவோம். நகரத்து இசைநிகழ்ச்சியில் மேடை உயரத்தில் இருக்கும். அதன் முன்னே தடுப்பு இருக்கும். படமெடுப்பவருக்கு ஓரிடம் ஒதுக்கப்படும். மேலை நாடுகளில் முதல் மூன்று பாடல்களுக்கு மட்டுமே படமெடுக்க இசைவளிக்கும் வழக்கமும் உண்டு. கால்கள் கட்டப்பட்ட அந்நிலையில் வில்லையே நடக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் அங்கே எஃப் 2.8 ஸூம் வில்லை தொழிற்படப்பிடிப்பாளரின் முதற்கருவியாக விளங்குவது முற்றிலும் நியாயமானது. தோட்டத்துக் கூத்துக்கு இத்தகைய மேடை இல்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கு நடுவேயுள்ள வெளியிலோ கோயில் முன்றலிலோ நிலத்திலேயே ஆட்டம் நிகழ்கிறது. மக்கள் வட்டமாகச் சூழ்ந்து அமர்கின்றனர். வேடக்காரர் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் ஆடுகின்றனர். படமெடுப்பவர் கூட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்தோ, அனுமதி பெற்று இடம் மாறியோ மூன்று நான்கு மீற்றர் தூரத்தில் நிற்க முடிகிறது. நடக்கக் களம் இடந்தருமிடத்து, ஒளியைப் பலியிட்டு ஸூம் வசதியைப் பெறுவதற்குப் பெரிய காரணம் இல்லை. கூத்துக் களம் பிரைம் வில்லைக்கு உரிய களம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அவற்றுள்ளும், சிறிய உணரி கொண்ட கமராவுக்கு முதலில் வாங்கத்தக்கது 50 அன்று, 35 மில்லிமீற்றர் வில்லையே. நிக்கோன் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை 200 கிராம் எடையுள்ளது. இத்தகைய வில்லைகள் மற்றக் கமராக்களுக்கும் உள்ளன. 50 மில்லிமீற்றர் வில்லை முகத்தைத் தனியே பிரித்தெடுத்து அழகாகக் காட்டும். ஆனால் காமன் கூத்தில் முகம் மட்டும் பொருளன்று. மன்மதனைச் சூழ்ந்து நிற்கும் தப்படிப்பவர்களும், தாயின் மடியில் கண்விழித்திருக்கும் குழந்தைகளும், பின்னே தெரியும் லயத்துக் கூரையும் சேர்ந்ததே அக்கூத்து. பின்னாளில் ஒருவர் அப்படத்தை எடுத்துப் பார்க்கும்போது, ஆட்டக்காரரின் கிரீடத்தைவிட அவரைச் சூழ்ந்திருந்த மக்கள் எவ்வாறு அமர்ந்திருந்தனர் என்பதே பெறுமதியான தகவலாக அமையக்கூடும். 35 மில்லிமீற்றர் வில்லை அந்தச் சூழலை விட்டுவிடாமல் முகத்தையும் தாங்கும்.

ஸூம் வில்லை இன்றியமையாததாகும் இடங்களும் இப்பிரதேசத்திலேயே உள்ளன. அருச்சுனன் தபசில், பாசுபதாஸ்திரம் வேண்டித் தவமியற்றும் அருச்சுனன் நெடிதுயர்ந்த தபசு மரத்தில் ஏறிப் பாடும்போது, எவ்வளவு நடந்தாலும் அவரை நெருங்க முடியாது. கீழிருந்து 35 மில்லிமீற்றர் வில்லையால் எடுத்தால் இரவு வானில் ஒரு சிறு உருவமே மிஞ்சும். இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தின் இரவுப் பெரஹராவில் பார்வையாளர் வீதியோரத்தில் அமர்ந்த இடத்தை விட்டு அசைய இயலாது. பந்தங்களின் ஒளியில் ஊர்வலம் தூரத்திலிருந்து அணுகிக் கடந்து செல்லும். இவ்விடங்களில் 70–200 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லைக்கு நிகரான துணை இல்லை. அதன் விலை ஒரு சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது என்பதால், ஆண்டில் ஓரிரு இரவுகளுக்காக அதனை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதோ, 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 போன்ற, விலையும் எடையும் குறைந்த பிரைம் வில்லையைக் கொண்டு சமாளிப்பதோ அறிவுடைமை. மேலும், காமன் எரியும் கட்டத்தில் கூட்டம் திடீரென நகரும். புகையும் பனியும் தூசியும் சூழ்ந்திருக்கும். அவ்வேளையில் வில்லையைக் கழற்றி மாற்றுவது உணரிக்கு ஊறு விளைவிக்கும். ஒரே வில்லையோடு விடியும்வரை நிற்க வேண்டியவருக்கு, 2013இல் சிக்மா நிறுவனம் வெளியிட்ட 18–35 மில்லிமீற்றர் எஃப் 1.8 ஸூம் போன்றவை இரு வகைகளின் நன்மையையும் ஓரளவு இணைத்துத் தருகின்றன. விலையாக 800 கிராமுக்கு மேற்பட்ட எடையைத் தாங்க வேண்டும்.

எனவே உண்மையில் தவிர்க்கப்பட வேண்டியது ஸூம் வில்லை என்ற இனமே அன்று. குவியத்தூரம் கூடக்கூடத் துவாரம் சுருங்கும் மலிவு ஸூம் வில்லையை இரவுக் கூத்துக்குக் கொண்டுசெல்வதுதான். அவ்வில்லையை மட்டுமே வைத்திருப்பவர் அதனை 18 மில்லிமீற்றரிலேயே நிறுத்தி, எஃப் 3.5 துவாரத்தோடு, நடந்து நெருங்கிப் படமெடுத்தால், 55இல் கிடைப்பதைவிட இரண்டரை மடங்கு ஒளியைப் பெறலாம். கைபேசிக்கும் இதே விதி பொருந்தும். பெரும்பாலான கைபேசிகளின் பிரதான கமராவில் இருப்பது எஃப் 1.8ஐ ஒட்டிய ஒரு பிரைம் வில்லையே; திரையில் இரு விரல்களை விரித்துப் பெரிதாக்கும்போது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதி வெட்டியெடுக்கப்பட்டுப் பருப்பிக்கப்படுகிறது அல்லது ஒளி குறைவாக வாங்கும் வேறொரு சிறு வில்லைக்குக் கருவி தாவுகிறது.

அகன்ற துவாரத்துக்கு ஒரு விலையும் உண்டு. எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம்வரை பொருள்கள் கூர்மையாகத் தெரியும் என்பதைக் குறிக்கும் குவிய ஆழம், துவாரம் அகல அகலக் குறுகும். சிறிய உணரி கொண்ட கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.8இல் வைத்து மூன்று மீற்றர் தூரத்திலுள்ளவரைப் படமெடுத்தால், கூர்மையான பகுதி ஏறத்தாழ 25 சென்ரிமீற்றரே. 85 மில்லிமீற்றர் வில்லையிலோ அது எட்டு, ஒன்பது சென்ரிமீற்றராகிவிடும். ரதியின் கண் கூர்மையாக இருக்க, அவர் நீட்டிய கை மங்கிவிடும். மன்மதனும் ரதியும் எதிரெதிரே நின்று வாதிடும் கட்டத்தில் இருவருள் ஒருவரே தெளிவாக அமைவர். 'பெரி லிண்டன்' படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளில் நடிகர்கள் அதிகம் அசையாதிருக்க வேண்டியிருந்ததும் இக்காரணத்தாலேயே. கூத்தாடுபவரை அசையாதிருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆகையால், எஃப் 1.4 வரை திறக்கும் வில்லை கையில் இருந்தாலும், ஒளி இடந்தரும்போதெல்லாம் அதனை எஃப் 2 அல்லது 2.8க்குச் சுருக்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலான வில்லைகள் முழுத் திறப்பைவிடச் சற்றுச் சுருங்கிய நிலையிலேயே கூர்மை மிகுந்தவை. குவியத்தைக் கமரா தானே தேடும் பொறிமுறை, படமெடுக்கும் கணம்வரை துவாரத்தைப் பெரும்பாலும் அகலத் திறந்து வைத்தே தேடுவதால், அகன்ற வில்லை அப்போதும் உதவுகிறது.

எல்.ஈ.டி. விளக்குகள் வந்தபின் தோன்றிய இடர் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. அதனால் தரங்குறைந்த விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை ஒளி கூடிக் குறைகின்றன. செக்கனில் 100இல் ஒரு பங்கைவிட விரைவான ஷட்டரில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று மங்கலாகவும், சிலவேளை குறுக்குப் பட்டைகளோடும் வருவது இதனாலேயே. சில கமராக்களில் இத்துடிப்பை உணர்ந்து உச்ச ஒளியில் ஷட்டரைத் திறக்கும் வசதி உண்டு. இல்லாதவர், ஆட்டம் மெதுவாகும் இடங்களில் 100இல் ஒரு பங்குக்கு இறங்கிக்கொள்ளலாம். நீலம், சிவப்பு முதலிய தனிநிற விளக்கின் கீழ் முகத்தின் அந்த ஒரு நிறம் மட்டும் அளவு மீறி நிறைந்து, விவரங்கள் அழிந்துபோகும். சற்றுக் குறைந்த ஒளியில் எடுத்து, உணரி பெற்ற தகவலை அப்படியே சேமிக்கும் ரோ கோப்பாக வைத்திருந்தால் பின்னர் மீட்க இயலும். காமன் எரியும்போது நிலைமை முற்றாக மாறிவிடும். கமராவைத் தானியங்கு நிலையில் விட்டால், சூழ்ந்த இருளைக் கண்டு அது ஒளியைக் கூட்ட, தீ வெறும் வெண்திட்டாகிவிடும். தீயின் ஒளி படும் முகங்களுக்கென அளவைக் கைமுறையாக முன்னரே தீர்மானித்து வைத்துக்கொள்வதே முறை.

பிளாஷ் எனப்படும் மின்வெட்டொளியைக் கருதாமல் இவ்வாராய்ச்சி முற்றுப்பெறாது. அதனைக் கையாண்டால் மலிவு ஸூம் வில்லையே போதும் என்று வாதிடுவோர் உளர். அவ்வொளி முன்னிருந்து தாக்கி, முகப்பூச்சைத் தட்டையாக்கி, பின்னேயுள்ள மக்களை இருளில் தள்ளிவிடுகிறது. அதனினும் பெரிய தீங்கு, விரதமிருந்து வேடம் தரித்து, பாட்டிலும் தப்பொலியிலும் தம்மை மறந்து ஆடும் ஒருவரின் கண்ணில் நூறு தடவை அதனைப் பாய்ச்சுவது. ரதியின் புலம்பலில் கண்கலங்கும் மூதாட்டிக்கு முன்னால் அவ்வாறு செய்வது வழிபாட்டை இடைமறிப்பதாகும். அகன்ற துவாரமுள்ள சிறு பிரைம் வில்லை இங்கேதான் தன் முழுப் பெறுமதியைக் காட்டுகிறது: கூத்தை அதற்குரிய ஒளியிலேயே பதிவு செய்ய அது வழிவகுக்கிறது, உருவில் சிறியதாதலால் யாரையும் மிரட்டுவதில்லை.

இரத்தினபுரி நகரில் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கு மேற்படுவது வழக்கம். இவ்வளவு மழையால் காற்றில் ஈரப்பதன் மிகுந்த இம்மாவட்டத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் படர்வது படமெடுப்போர் அனைவருக்கும் தெரிந்த தொல்லை. குழல் நீண்டு சுருங்கும் ஸூம் வில்லை ஒவ்வோர் அசைவிலும் ஈரக்காற்றை உள்ளிழுக்கும். கண்ணாடிகள் பலவாதலால் பூஞ்சணத்தைத் துடைக்கும் செலவும் கூடும். காற்றுப்புகாத பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்து, ஈரப்பதனை நூற்றுக்கு 40 முதல் 50 வரை பேணினால் பூஞ்சணம் வளராது. தோற்பையில் அடைத்து அலுமாரியில் வைப்பதே மிகக் கெட்ட முறை. பழைய வில்லை வாங்குபவர், பின்புறமிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி உள்ளே நூலிழை போன்ற படலம் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

எடுத்த படங்களுக்கு ஆற்ற வேண்டிய கடமை, ஆட்டம் நடந்த நாள், தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்தப் பாத்திரம், எந்தக் கட்டம் என்பவற்றை அப்போதே எழுதி வைப்பதிலிருந்து தொடங்குகிறது. ஆடியவர்களின் இசைவோடு அவர்களது பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கூத்தாடியவர்களுக்கு அச்சிட்ட படமொன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது, அடுத்த மாசியில் களத்துக்குள் மீண்டும் நுழைவதற்கான மிகச் சிறந்த அனுமதியும் ஆகும். 2005இல் தொடங்கப்பட்டு, இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் ஆவணங்களையும் இணையவழி பாதுகாத்துவரும் நூலக நிறுவனம், ஆவணகம் என்ற பெயரில் ஒளிப்படம், ஒலி, காணொளி ஆகியவற்றுக்கெனத் தனிச் சேகரமொன்றை நடத்திவருகிறது. கோப்புகளின் ஒரு பிரதி வீட்டிலும் இன்னொன்று அத்தகைய பொதுச் சேகரத்திலும் இருக்குமாயின், வன்தட்டு ஒன்று பழுதடைந்தாலும் அந்த இரவின் பதிவு தோட்டத்து மக்களின் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும்.